வறட்சாசுரனும் முதல் குடமும்

போன மாதம் தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். முன்கண்ணாடியில் பாதியை மறைத்துக்கொண்டு ஓர் அம்மன் ஸ்டிக்கர். எட்டுக் கை. காலடியில் மீசையோடு ஓர் அசுரன் மல்லாந்து கிடந்தான். அம்மனுக்கு வெளிநாட்டுக் கார்ட்டூன் பெண்களைப் போல முகத்தில் பாதிக்குக் கண். மிச்சமிருந்த கண்ணாடி வழியாகத்தான் டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். படத்துக்கு அடியில் ‘மடைக்காரி துணை’ என்று இருந்தது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

“தம்பி, இது எந்த ஊர் அம்மன்?”

“எங்க ஊருதான்க்கா. சின்னமனூருக்கு அங்குட்டு.”

“படம் யார் வரைஞ்சது?”

“யாரும் வரையலக்கா. போன்ல நாலு வார்த்தை அடிச்சேன். அதுவா வரைஞ்சு குடுத்துருச்சு.”

“எட்டுக் கை எதுக்கு?”

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ரெண்டு கை இருந்தா சாமின்னு எப்பிடித் தெரியும்?”

பிறகு கேட்காமலே கதையைச் சொன்னார். கண்மாய் உடையப் போனது, ஒரு பெண் உள்ளே இறங்கியது எல்லாம் அவருடைய பேச்சில்தான் வந்தது. திடீரென்று குரல் மாறி, “தன் மேனியையே மடைக்கதவாக்கி ஊரைக் காத்தா” என்றார். மேனி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொன்னது அவர் இல்லை, நான். இருபத்து நாலு வயதில் மூக்குக் கண்ணாடியும் முதுகலைத் தமிழுமாக இருந்த நான். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். புது ஸ்டிக்கரின் பசை வாடை மூக்கிலேயே நின்றது.

அந்த வாடைக்கு அண்ணன் தம்பிதான் அச்சு மையின் வாடையும். தேனி கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஆப்செட் அச்சகத்தில் அப்போது வேலை பார்த்தேன். எழுத்துக் கோப்பது, பிழை திருத்துவது, யாராவது கேட்டால் எழுதியும் கொடுப்பது. உள்ளே நுழைந்ததும் மையும் மிசின் துடைக்கிற மண்ணெண்ணெயும் சேர்ந்து தொண்டையில் இறங்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா என்னைச் சமையலறைக்குள் விடமாட்டாள். ‘அடுப்புப் பக்கம் வராத, பத்திக்கிருவ’ என்பாள்.

முதலாளி ராஜமணி அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகச் சர்ச்சில் உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை அம்மன் அச்சடிப்பார். அந்தப் பக்கத்துக் கோயில் நோட்டீசுகளில் பாதி அவருடைய மிசினில்தான் ஓடின. ஒரு தடவை விபூதிப் பொட்டலக் கவருக்கு அம்மனின் மூக்குத்தி தெளிவாக விழவில்லை என்று மூன்று முறை பிளேட்டை மாற்றினார். ‘நம்ம கையில வந்த சாமி நல்லா இருக்கணும்லா’ என்றார்.

கோயில் விழா மலர் என்றால் தலவரலாறு வேண்டும். தலவரலாறு இல்லாத ஊர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என்னிடம் ஒரு வாய்ப்பாடு இருந்தது. முதலில் ஒரு வனம். வனத்தில் ஒரு புற்று. தினமும் ஒரு பசு வந்து புற்றின்மேல் தானாகப் பால் சொரியும். மாட்டுக்காரன் ஒளிந்திருந்து பார்ப்பான். அன்றைக்கு மன்னன் கனவில் அம்மன் வருவாள். போடிப் பக்கத்து ஊர் ஒன்றின் பசுவும் ஜெயமங்கலத்தைத் தாண்டிய ஊர் ஒன்றின் பசுவும் உண்மையில் ஒரே பசுதான். நிறத்தை மட்டும் மாற்றினேன். ஒருவரும் கேட்கவில்லை. மலரை வாங்கியவர்கள் முதலில் அவரவர் போட்டோ வந்திருக்கிறதா என்றுதான் புரட்டினார்கள்.

இதையெல்லாம் நான் ஏமாற்று என்று நினைக்கவில்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே ஒரு வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து புராணத் தொடர் பார்த்தவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டு அக்கா டிவிக்குச் சூடம் காட்டுவாள். கரண்டு போனால் சாமி கோபித்துக்கொண்டது என்று நம்பினோம். அந்தத் தொடர் வந்த பிறகு காலண்டர் அம்மன்களின் கிரீடமே மாறியது. திராட்சைப் பெட்டி லேபிளில் இருந்த அம்மனும், மினி பஸ் பக்கவாட்டில் இருந்த அம்மனும், ரைஸ் மில் போர்டில் இருந்த அம்மனும் ஒரே கடையில் நகை எடுத்தவர்களைப் போல ஆனார்கள். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அப்படி இருந்தபோதுதான் வேலுச்சாமி வந்தார். சின்னமனூருக்கு மேற்கே உள்ள அந்த ஊரின் திருப்பணிக் கமிட்டித் தலைவர். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். திராட்சைத் தோட்டக்காரர். வெள்ளை வேட்டியில் திராட்சைக் கறை படாமல் நடக்கத் தெரிந்தவர். நல்ல மனிதர், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

“எங்க அம்மனுக்குக் கதை இல்லம்மா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இல்லைன்னு இல்ல. இருக்கு. வெளிய சொல்லிக்கிற மாதிரி இல்ல” என்றார்.

என்ன கதை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

“டிவியில வர்ற மாதிரி இருக்கணும். வெளியூர்ல பொண்ணு எடுத்துருக்கோம், பொண்ணு குடுத்துருக்கோம். வர்ற சம்பந்தகாரக, உங்க சாமி யாருன்னு கேக்குறாக. என்னத்தச் சொல்ல? பேரும் மாத்தலாம்னு இருக்கோம். மடைக்காரின்னா நல்லாவா இருக்கு? ஸ்ரீ ஜலாம்பிகைன்னு வைக்கலாம்னு சொல்றாக.”

ஒரே காலையில் எழுதி முடித்தேன். பசுவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஓர் அசுரனைக் கொண்டுவந்தேன். பள்ளத்தாக்கின் ஆறு, ஓடை எல்லாவற்றையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தூங்குகிறவன். பெயர் வறட்சாசுரன். தமிழையும் வடமொழியையும் அப்படி ஒட்டவைப்பது குற்றம் என்று படித்த எனக்குத் தெரியும், ஆனால் காதுக்கு நன்றாக இருந்தது. எட்டுக் கரத்தோடு அம்பிகை தோன்றி, அவன் வயிற்றைக் கிழித்து நீரை விடுவித்தாள். பாண்டிய மன்னன் ஒருவன் மனம் மகிழ்ந்து கோயில் எடுத்தான். எந்த மன்னன் என்று நான் சொல்லவில்லை, அந்த அளவுக்கு எனக்கு நேர்மை இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் புரூஃபை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கோயில் முழுக்கச் சாரம் கட்டியிருந்தார்கள். மேலே சிற்ப வேலைக்காரர் ஒருவர் சிமெண்டில் ஒரு பெரிய வயிற்றை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டிவி நடிகையின் படம் செருகியிருந்தது, அம்மன் முகத்துக்கு மாதிரி. என்னைப் பார்த்ததும், “எழுதுன அம்மா நீங்கதானா? அசுரனுக்கு மீசை மேல போகணுமா, கீழ தொங்கணுமா?” என்று கேட்டார்.

நான் ஒரு நிமிடம் யோசித்து, “மேல” என்றேன்.

அவர் அப்படியே முறுக்கி விட்டார். போன செவ்வாய்க்கிழமை வரை உலகத்தில் இல்லாத ஒருவன், என் பேனாவின் கிறுக்கில் வந்தவன், சாரத்தின் மேல் உட்கார்ந்து மீசையோடு என்னைப் பார்த்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் பெருமையாக இருந்தது.

கண்மாய் மடையை ஒரு போட்டோ எடுக்கலாம் என்று தோட்டங்களுக்கு நடுவே நடந்தேன். திராட்சைப் பந்தலுக்கடியில் போனால் வெயில் பச்சையாக விழும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்த வாடை. கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். தலைத்துண்டை அவிழ்க்காமலே என்னை நிறுத்தினாள்.

“யாருத்தா நீயி?”

“தேனியில இருந்து வர்றேன்க்கா. கோயில் மலருக்கு எழுதுறவ.”

“என்னத்த எழுதுற?”

“அம்மன் கதை.”

“எங்க அம்மன் கதைய நீ எழுதுறியாக்கும். வாசி, கேப்போம்.”

அவள் பெயர் பேச்சியம்மாள். வேறு வழியில்லாமல் வாசித்தேன். வறட்சாசுரன் ஆற்றைக் குடித்த இடத்தில் சிரித்தார்கள். வயிற்றைக் கிழித்த இடத்தில் ஒருத்தி, “அம்புட்டுப் பெரிய ஆள எங்கன பொதைச்சாக?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வாசித்து முடித்ததும் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் பேச்சியக்கா. “இதுல எங்கவ எங்க?”

“யாருக்கா?”

“மடைக்காரி.”

அப்போதுதான் எனக்கு அந்தக் கதை தெரிந்தது. கண்மாய்க்கு மடை திறந்து அடைக்கிற வேலை கீழத் தெருக்காரர்களுடையது. ஓர் ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து மடைப் பலகை உடைந்துவிட்டது. மடைக்காரன் ஊரில் இல்லை. கரை கரைய ஆரம்பித்தது. அவன் பெண்சாதி உள்ளே இறங்கி, முதுகைக் கொடுத்து மடையை அடைத்தாள். ஆட்கள் மண் கொட்டி முடிக்கும் மட்டும் அப்படியே இருந்தாள். பிறகு எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. மேலத் தெரு வீடுகளும் நஞ்சையும் தப்பித்தன. ஆளுக்கொன்றாக இன்னும் ஏதேதோ சொன்னார்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள். பேச்சியக்கா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினாள்.

“அதுல இருந்து மொதக் குடம் எங்களுக்கு. சாமி கும்புடு அன்னைக்கு எங்க தெருப் பொம்பள ஒருத்தி மடையில தண்ணி மோந்து, தலையில வச்சா, கோயில் வரைக்கும் எறக்கக் கூடாது. அந்தத் தண்ணி விழுந்த பெறகுதான் மத்தது எல்லாம். மேலத் தெருக்காரக ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டு நிப்பாக. வருசத்துல அந்த ஒரு நாள்தான்.”

பேச்சியக்கா கஞ்சித் தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“இந்தத் தடவ குடமுழுக்குக்கு ஒம்பது ஆத்துத் தண்ணி வருதாம். நாங்க கடைசியில வரிசையில நின்னு கும்புட்டுக்கிறணுமாம். ஏன்னு கேட்டோம். ஒங்க குடத்தப் பத்தித் தலவரலாறுல ஒண்ணும் இல்லையேன்னு சொல்றாக. தலவரலாறுன்னா என்னமோ ஏதோன்னு இருந்தோம்.” என் கையில் இருந்த தாள்களைப் பார்த்தாள். “நீதானாத்தா அது?”

மடையைப் போட்டோ எடுக்காமலே திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. இத்தனை நாளும் என் கதைகள் யாரையும் ஒன்றும் செய்யாது என்றுதான் நினைத்திருந்தேன். சாமிக்குக் கூடுதலாக இரண்டு கை வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்போது தெரிந்தது. கூடுதலாக வைத்த கை ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் இருந்த ஒருத்தியை இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கியிருந்தது. வீரபாண்டி தாண்டும்போது முடிவு செய்துவிட்டேன். நான் போட்டதை நானே எடுக்க வேண்டும்.

மறுநாள் மடைக்காரியின் கதையை எழுதி வேலுச்சாமியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

“இதப் போட முடியாதும்மா.”

“அப்ப நான் எழுதுன மத்ததையும் போடாதீகய்யா. அந்த அசுரன் நான் இட்டுக்கட்டுனது.”

“அசுரனுக்குச் சிமிண்டு பூசியாச்சும்மா” என்றார். கேலி இல்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். “நீ சின்னப் புள்ள. ஊருன்னா ஒனக்குத் தெரியாது. எல்லாரும் மேல வரணும்னுதான் நினைக்கிறேன். பழச எதுக்குக் கிளறணும்?”

மலர் அவர்களுடைய ஆர்டர். என் அசுரனோடுதான் மிசினில் ஏறியது. நான் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

“அவிய குடுத்தத அடிச்சுத்தான் ஆகணும்” என்றார் அண்ணாச்சி. “வேத வசனக் காலண்டரும் அடிக்கேன், அம்மன் நோட்டீசும் அடிக்கேன். எதுலயும் நான் கை வைக்கிறது இல்ல.”

“அப்ப என் நோட்டீசையும் அடிங்க அண்ணாச்சி. அதுலயும் கை வைக்காதீக.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “பேரு போடணும். எழுதினது யாருன்னு பேரு இல்லாத தாள் என் மிசின்ல ஓடாது. உன் பேரப் போடுவியா?”

போட்டேன். நாலு பக்கம். மடைக்காரியின் கதை, முதல் குடத்தின் முறை, கடைசியில் தனியாக இரண்டு வரி: ‘விழா மலரில் உள்ள வறட்சாசுரன் கதையை எழுதியதும் நானே. அது என் கற்பனை. அப்படி ஓர் அசுரனை இந்த ஊர் அறியாது.’ அந்த இரண்டு வரிக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. முந்தைய வருடத்துக் காலண்டர் தாள்களின் வெற்றுப் பின்புறத்தில் அடித்தோம். அம்மா ஒரு பிரதியைப் படித்துவிட்டு, “கோயில் விசயம்டி. நாளைக்கு ஒன்ன யாரு கட்டுவா?” என்றாள். பிறகு அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். எரிக்கவில்லை, அது போதும் என்று இருந்தது.

குடமுழுக்கு அன்று காலையில் நான் போய்ச் சேரும்போதே வெயில் ஏறியிருந்தது. மேடையில் ஒன்பது ஆற்றுக் குடங்கள் பட்டு சுற்றி வரிசையாக நின்றன. மைக்கில் யாரோ என் வறட்சாசுரனை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலுக்கு முன்னால் சவுக்குக் கம்புகளைக் கட்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பேச்சியக்கா. தலையில் பித்தளைக் குடம், தளும்பத் தளும்பத் தண்ணீர். பின்னால் கீழத் தெருப் பெண்கள்.

கமிட்டி ஆட்கள் அதட்டிப் பேசவில்லை, நயமாகத்தான் பேசினார்கள். “குடத்த எறக்கி வையி பேச்சி. கழுத்து வலிக்கும்ல. அப்புறமாப் பேசிக்கிருவோம்.”

“எறக்க மாட்டேன்.”

“எறக்கி வச்சா என்ன கொறஞ்சுபோச்சு?”

“எறக்குனா முடிஞ்சுபோச்சு. ஒங்களுக்கும் தெரியும்.”

அவ்வளவுதான் பேசினாள். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். குடத்தின் விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் காது வழியாக இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. ஒருத்தி சேலைத் தலைப்பால் அவள் கண்ணில் இறங்கும் வேர்வையை ஒற்றிக்கொண்டே இருந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். தலையைச் சாய்க்க முடியாதே, எப்படிக் குடிப்பாள்? உதட்டை மட்டும் நனைத்துவிட்டார்கள். கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. நான் அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நோட்டீசுகளில் பாதி இன்னும் கையில் இருந்தன, கொடுக்க மறந்துபோயிருந்தேன்.

வேலுச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு கையில் மலர், இன்னொரு கையில் என் நோட்டீசு.

“ரெண்டும் நீ எழுதுனதுதானம்மா. நாங்க எத நம்புறது?”

அந்தக் கேள்வி நியாயமானது. இன்று வரை அதைவிட நியாயமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் சொன்னேன்.

“மொதல்ல எழுதுனது யாரையும் கேக்காம எழுதுனதுய்யா. ரெண்டாவது, அவுக சொன்னாக, நான் எழுதுனேன். அவுக இங்கனதான் நிக்கிறாக. நீங்களே கேளுங்க.”

அவர் பேச்சியக்காவைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை, அவருக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்த கதைதானே.

மேடையிலிருந்து குருக்கள் இறங்கி வந்தார். சின்ன வயதுக்காரர், அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நேரம் போயிண்டிருக்கு. எனக்கு ஒம்பது குடமானாலும் பத்துக் குடமானாலும் ஒண்ணுதான். முதல்ல எதுன்னு ஊர்க்காரா சொல்லுங்கோ” என்றார்.

அப்போதுதான் மேலத் தெருப் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வேலுச்சாமியின் மனைவி பாக்கியம் வந்தார். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நேராகத் தடுப்புக்குப் போய், கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

“என்ன செய்ற?” என்றார் வேலுச்சாமி.

“அவ சொமந்துக்கிட்டு நிக்கிறா. அதப் பாத்துக்கிட்டு என்னால கும்புட முடியலைங்க” என்றார் அவர். உரத்த குரல் இல்லை. “எங்க அம்மா வீட்டுலயும் இந்தக் கதையத்தான் சொல்லி வளத்தாக.”

கம்பு விழுந்தது. வேலுச்சாமி குனிந்து, அது யார் காலிலும் இடறாமல் ஓரமாக எடுத்துப் போட்டார். அதற்குமேல் அவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மேலத் தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். குலவைச் சத்தம் கிளம்பியது. பேச்சியக்கா முதல் அடி எடுத்து வைத்தபோது தடுமாறினாள், இரண்டாவது அடியில் நிமிர்ந்துகொண்டாள். அவள் குடத்தைச் சாய்த்து ஊற்றியதை நான் பார்க்கவில்லை. என் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்திருந்தது.

எனக்கு வேலை போகவில்லை. அண்ணாச்சி அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தலவரலாறு கேட்டு வருகிறவர்களிடம், “எழுதுத பிள்ளை உங்க ஊருக்கு நேர்ல வருவா. நாலு தெருவுலயும் கேப்பா. சம்மதமா?” என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் அனுப்பினார். சில பேர் வேறு அச்சகத்துக்குப் போனார்கள். போகட்டும் என்று இருந்துவிட்டார்.

வேலுச்சாமி ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்தார். கோயில் சுவரில் கருங்கல் பதிக்கப் போகிறார்களாம், மடைக்காரியின் கதையைக் கல்லில் வெட்ட வேண்டுமாம். “சுருக்கமா, அழகா எழுதிக் குடும்மா” என்றார். பெயர் மாற்றும் பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. நான் சுருக்கமாக, அழகாக எழுதிக் கொடுத்தேன். தன் மேனியையே மடைக்கதவாக்கி என்ற வரி அப்போது எழுதியதுதான்.

அசுரனும் போகவில்லை. கோபுரத்தில் மீசையோடு இன்றும் இருக்கிறான். ஒரு வருடம் மழை பொய்த்தபோது, பக்கத்து ஊர் டீக்கடையில் ஒருவர், ‘வறட்சாசுரன் வந்து உக்காந்துட்டான்ல’ என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். ஒரு தேர்தல் கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரரை ஒருவர் அந்தப் பெயரால் திட்டியதையும் கேட்டேன். புராணம் என்றால் ஆயிரம் வருடம் ஆக வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையும் ஒரு மூட்டை சிமெண்டும் போதும்.

போன வருடம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். மொதக் குடம் இன்னும் கீழத் தெருவிலிருந்துதான் வருகிறது, அதில் எனக்கு நிம்மதி. பேச்சியக்கா மகனோடு திருப்பூருக்குப் போய் அங்கேயே இறந்துபோனாள். அன்று கஞ்சி குடித்த தோட்டத்தில் பந்தல் இல்லை, பிளாட் கற்கள் நட்டிருக்கிறார்கள். கீழத் தெருவில் நாலைந்து பெண்களிடம் மடைக்காரி கதையைச் சொல்லச் சொன்னேன். எல்லாரும் சொன்னார்கள், ஒரு சொல் மாறாமல். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போல ஒப்பிக்கச் சொல்லித் தருகிறார்களாம். “வேற மாதிரி யாரும் சொல்லிக் கேட்டுருக்கீகளா?” என்றேன். ஒருத்தி என்னை விநோதமாகப் பார்த்து, “வேற மாதிரி எப்பிடிக்கா இருக்கும்? கல்லுலயே இருக்கே” என்றாள்.

வேறு மாதிரியும் இருந்தது. அன்று பந்தலுக்கடியில் ராசாத்தி என்று ஒருத்தி, கவாத்துக் கத்திரியைக் கீழே வைக்காமலே சொன்னாள். “அவ எங்க செத்தா? அடைச்சிட்டு மேல வந்தா. கரையில நின்ன ஆம்பளைக ஒருத்தரும் கை குடுக்கல. சேலையப் பிழிஞ்சா. மலையப் பாத்து நடந்துட்டா. திரும்பியே பாக்கல.” மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் போய்ப் பிழைத்தாளாம். அவள் வம்சம் இன்னும் அங்கே ஏலக்காய் பறிக்கிறதாம். ஊரின் பெயரையும் சொன்னாள். மற்றவர்கள் சிரித்து அவளை அமர்த்தினார்கள். எனக்கும் அது சரிப்படவில்லை. சாமியாகிறவள் செத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அச்சுக்கு ஒரு கதை போதும், உருக்கமானதாக இருந்தால் நல்லது.

ராசாத்தி இப்போது உயிரோடு இல்லை. அவளை அமர்த்தியவர்களிலும் பாதிப் பேர் இல்லை. அவள் போன ஊர் எது என்று குமுளியில் கேட்டிருக்கிறேன், போடிமெட்டில் ஜீப்பிலிருந்து இறங்கும் பெண்களிடம் கேட்டிருக்கிறேன், மலையாளத்திலும் தட்டுத்தடுமாறிக் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் பூப்பாறைப் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கத்து அந்த ஊருக்கு ஒரு சின்னப் பெயர், மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ. ராசாத்தி அதைச் சொன்னபோது நான் பேனாவை மூடிக்கொண்டிருந்தேன்.